இரண்டாம் நிலை வலி

மார்பகப் புற்றுக்கும் குடல் புற்றுக்கும் கொடுக்கிற கேப்சிடபின் மாத்திரை, பலருக்கு உள்ளங்கையையும் உள்ளங்காலையும் பதம் பார்த்துவிடுகிறது. முதலில் மரமரப்பு, எரிச்சல். பிறகு வீக்கம், தோல் உரிதல், வெடிப்பு. பாடப்புத்தகம் ‘சிவத்தல்’ என்கிறது. நம் தோலில் அது பெரும்பாலும் கருத்துத்தான் போகும். ‘வெயிலில் நின்றிருப்பாய்’ என்று வீட்டிலேயே பேச்சை முடித்துவிடுவார்கள்.

இந்த வலியை அளக்க உலகெங்கும் மருத்துவர்கள் கையாளும் ஓர் அமெரிக்க அளவுகோல் உண்டு. சமைக்க, கடைக்குப் போக, பணத்தைக் கையாளச் சிரமம் என்றால் இரண்டாம் நிலை. குளிக்க, உடுத்த, உண்ணச் சிரமம் என்றால்தான் மூன்றாம் நிலை. கூலி வேலை அந்த உதாரணங்களில் இல்லை. சாத்தூரிலும் வெம்பக்கோட்டையிலும் குழாய் உருட்டி, திரி சொருகி, எண்ணிக்கைக் கணக்கில் கூலி வாங்குகிறவளை எந்த நிலையில் வைப்பீர்கள்? சோறு அள்ள அவள் விரல் வளையும். திரி சொருக வளையாது.

வெந்நீர் கூடாது, உராய்வு கூடாது, அழுத்தம் கூடாது என்று அறிவுரை வேறு. கையில் அப்பிய அலுமினியப் பவுடர் தேய்க்காமல் போகுமா? வீட்டில் பாத்திரத்தை யார் துலக்குவது? மாத்திரையை நிறுத்திவிடுவார்களோ என்று பயந்து வலியை மறைக்கிறவர்கள் உண்டு. மருந்தின் அளவைக் குறைக்கலாம், சில நாள் நிறுத்தித் தொடரலாம் என்பதை முதல் நாளே சொல்லியிருந்தால் மறைக்க என்ன இருக்கிறது?

தடுக்க வழியே இல்லை என்றும் சொல்ல முடியாது. தில்லி எய்ம்ஸில் 264 பேரிடம் நடத்தி 2024-ல் வெளியான ஆய்வில், டைக்ளோஃபெனாக் களிம்பு பூசியவர்களில் 3.8 சதவீதம் பேருக்குத்தான் இரண்டாம், மூன்றாம் நிலை வலி வந்தது. வெற்றுக் களிம்பு பூசியவர்களில் 15 சதவீதம். மூட்டுவலிக்கு மெடிக்கலில் வாங்குவோமே, அதே களிம்புதான். மாத்திரை அட்டையோடு அதையும் ஏன் கொடுக்கக் கூடாது?

இந்த மருந்து விரல் ரேகையையும் அழிக்கும். 2008 டிசம்பரில் ரேகை விழாததால் அமெரிக்க விமான நிலையத்தில் ஒரு சிங்கப்பூர் நோயாளியை நான்கு மணி நேரம் நிறுத்தி வைத்தார்கள். இப்படிப்பட்டவர்கள் மருத்துவரின் கடிதத்தோடு பயணிக்க வேண்டும் என்று மருத்துவ இதழ் எழுதியது. விமானம் ஏறுகிறவருக்குக் கடிதம்! 2020 அக்டோபரிலிருந்து நம் ரேஷன் கடையிலும் ரேகைதான். அரிசி வாங்கப் போகிறவளுக்குக் கடிதம் எழுதித் தர யாருக்கும் தோன்றவில்லை.

ஈ.எஸ்.ஐ.யில் பதிவாகி இரண்டு ஆண்டு வேலை பார்த்தவருக்குப் புற்றுநோய்க்காக நீண்டகால உதவித்தொகை கிடைக்கும், கூலியில் 80 சதவீதம். வீட்டுத் திண்ணையில் பட்டாசுப் பெட்டி ஒட்டுகிறவளுக்கோ, ஏட்டில் முதலாளியே கிடையாது.