ரீமேப்புக்குப் பணம் கட்டும் முன்: அந்தச் செலவு யாருடையது?



பைக் லோன் பற்றிய வீடியோ போட்டதுக்கு அப்புறம், ஒரே கேள்வியைப் பல பேர் வேற வேற வார்த்தையில கேட்டிருக்கீங்க. சுருக்கமா இதுதான்: "வண்டி வாங்கி ஒன்றரை வருஷம் ஆச்சு. சிக்னல்ல நின்னா ஆஃப் ஆகுது. ஆக்சிலேட்டரை விட்டா சைலன்சர்ல டப் டப்னு வெடிக்குது. ஓவர்டேக் பண்ணும்போது ஒரு நொடி திணறுது. வண்டி லீனா ஓடுது, இசியு ரீமேப் பண்ணா சரியாயிடும், 12,000 ரூபாய் ஆகும்னு வெளிக்கடையில சொல்றாங்க. பண்ணலாமா சார்?"

நான் ஆடிட்டர், மெக்கானிக் இல்லை. ஆனா இந்தக் கேள்வியில பாதி மெக்கானிக் கேள்வி, மீதி பாதி சுத்தமான கணக்குக் கேள்வி. அந்தப் பாதியை யாருமே உங்ககிட்ட பேசறதில்லை.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். வாரன்டியில இருக்கற வண்டிக்கு வெளியில ரீமேப் பண்றது, கம்பெனி உங்களுக்குத் தர வேண்டிய கடனை நீங்களே தள்ளுபடி பண்றதுக்குச் சமம். தள்ளுபடி பண்ணதோட நிக்காம, அதுக்கு மேல 12,000 ரூபாயும் கட்டறீங்க.

லீன்னா என்ன?

பெட்ரோல் முழுசா எரிய, 1 கிலோ பெட்ரோலுக்குச் சுமார் 14.7 கிலோ காற்று வேணும். காற்று இதை விட அதிகமா, பெட்ரோல் கம்மியா போனா அது லீன். எந்த ஆர்பிஎம்ல, ஆக்சிலேட்டர் எவ்வளவு திறந்திருந்தா, இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் பெட்ரோல் பீய்ச்சணும்னு இசியுவுக்குள்ள ஒரு அட்டவணை இருக்கு. அதுதான் மேப். சைலன்சர் பைப்ல இருக்கற ஆக்சிஜன் சென்சார், எரிஞ்ச புகையைப் பார்த்து அந்த அளவை ஓட்டத்துலயே கொஞ்சம் கூட்டிக் குறைக்கும். ஆனா ஆக்சிலேட்டரை முழுசா முறுக்கும்போது பெரும்பாலும் சென்சார் சொல்றதைக் கேட்காம, மேப்ல எழுதியிருக்கறபடிதான் இஞ்சின் ஓடும்.

2020 ஏப்ரல் 1-ல இருந்து பிஎஸ்6 வந்தாச்சு. புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வெர்ட்டர் ஒழுங்கா வேலை செய்யணும்னா, சாதாரண ஓட்டத்துல கலவை அந்த 14.7-ஐ ஒட்டியே இருக்கணும். இஞ்சினோட உச்ச பவர் கிடைக்கறது 12.5, 13 பக்கத்துல. அதனால வெளிக்கடையில "லீன்"னு சொல்றது பல நேரம் கோளாறே இல்லை, வண்டியோட டிசைன்தான். ஆக்சிலேட்டரை விட்டதும் லேசா ஒண்ணு ரெண்டு வெடிப்புச் சத்தம் வர்றதும் அப்படித்தான்.

ஆனா சிக்னல்ல ஆஃப் ஆகறதும், லாரியைத் தாண்டும்போது திணறறதும் டிசைன் இல்லை, கோளாறு. உயிர் சம்பந்தப்பட்ட கோளாறு. இந்த ரெண்டையும் பிரிச்சுப் பார்க்காம பணம் கட்டாதீங்க.

எத்தனால் கணக்கு

"எல்லாத்துக்கும் இ20 பெட்ரோல்தான் காரணம்"னு ஒரு பேச்சு ஓடுது. அதுல உண்மை இருக்கு, ஆனா முழு உண்மை இல்லை. எத்தனாலுக்குள்ளயே ஆக்சிஜன் இருக்கறதால, 20 சதவீதம் கலந்த பெட்ரோலுக்குத் தேவையான காற்று விகிதம் சுமார் 13.5-க்கு இறங்கிடும். 10 சதவீத எத்தனாலுக்கு எழுதின மேப்ல அதே அளவு பீய்ச்சினா, கலவை மூணு நாலு சதவீதம் லீனா போகும். சென்சார் நல்லா இருந்தா சாதாரண ஓட்டத்துல இதைச் சரிக்கட்டிடும்.

2021-ல நிதி ஆயோக் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கையே, இ10-க்கு டியூன் பண்ண இருசக்கர வண்டிகள்ல மைலேஜ் 3 முதல் 4 சதவீதம் குறையலாம்னு சொல்லுது. இ20 தாங்கற பாகங்கள் 2023 ஏப்ரல்ல இருந்து, இ20-க்கே டியூன் பண்ண இஞ்சின் 2025 ஏப்ரல்ல இருந்துன்னு கம்பெனிகளுக்கு அந்த அறிக்கை அட்டவணையும் போட்டுக் கொடுத்தது.

இதுல நமக்கு வேண்டிய பாயின்ட் ஒண்ணுதான். பங்க்ல கிடைக்கற பெட்ரோலுக்கு ஏத்த மாதிரி மேப் எழுதறது, வண்டியை வித்தவங்க வேலை. வாங்கினவர் வேலை இல்லை.

12,000 ரூபாய் எப்படி 12,000-ஓட நிக்காது?

மாசம் 1,000 கிலோமீட்டர் ஓட்டறீங்க, மைலேஜ் 35, பெட்ரோல் 100 ரூபாய்னு வெச்சுக்குவோம். மாசச் செலவு சுமார் 2,857 ரூபாய். ரீமேப்ல பெட்ரோலைக் கூட்டித்தான் வைப்பாங்க. மைலேஜ் 32 ஆச்சுன்னா செலவு 3,125. மாசம் 268 ரூபாய் கூடுது. மூணு வருஷத்துல கிட்டத்தட்ட 9,650. ஆக, 12,000 ரூபாய் ரீமேப்போட உண்மை விலை 21,650. இதை எஸ்ஐபில போடுங்கன்னு சொல்ல வரலை, கவலைப்படாதீங்க. வண்டி ஓடணும், அதுதான் முக்கியம். விலையை முழுசா தெரிஞ்சுக்கிட்டு முடிவெடுங்கன்னுதான் சொல்றேன்.

பில்லுல வராத செலவு இன்னும் மூணு இருக்கு.

ஒண்ணு, வாரன்டி. உங்க வாரன்டி புத்தகத்துல "எதற்கெல்லாம் பொருந்தாது"ங்கற பக்கத்தை இன்னைக்கே எடுத்துப் படிங்க. கம்பெனி அனுமதிக்காத மாற்றம் பண்ணா அதனால வர்ற பழுதுக்குப் பொறுப்பில்லைன்னு பொதுவா இருக்கும். மேப் மாறினதைப் பல வண்டிகள்ல சர்வீஸ் ஸ்கேனர் காட்டிக் கொடுத்துடும். நாளைக்கு வால்வோ பிஸ்டனோ போனா, "அது ரீமேப்பால வந்தது"ன்னு ஒரு வரியில முடிச்சிடுவாங்க. இல்லைன்னு நிரூபிக்கற தலைவலி உங்களுக்கு.

ரெண்டு, சட்டம். வண்டியில அனுமதியில்லாத மாற்றம் பண்ணா, மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ(4) பிரிவுப்படி உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாசம் வரை சிறை, அல்லது ரெண்டுமே விதிக்க இடம் இருக்கு. புகை, சத்தம் வரம்பு மீறினா 190(2) பிரிவு தனி. 10,000 ரூபாய் வரை அபராதமும் மூணு மாசம் லைசென்ஸ் தகுதியிழப்பும் அதுல வரும். பெட்ரோலை அதிகமாக் கூட்டினா கார்பன் மோனாக்சைடு ஏறும். பியூசி டெஸ்ட்ல அளக்கறதும் அதைத்தான்.

மூணு, இன்ஷூரன்ஸ். இஞ்சின்ல பண்ண மாற்றத்தைக் கம்பெனிக்குச் சொல்லாம விட்டா, ஓன் டேமேஜ் க்ளெய்ம்ல சர்வேயர் கேள்வி கேட்க நீங்களே ஒரு காரணம் எடுத்துக் கொடுக்கறீங்க.

முதல்ல கோளாறைக் கண்டுபிடிங்க

லீன் ஓட்டத்துக்கு மேப் மட்டும் காரணம் இல்லை. இன்டேக் ரப்பர்ல விரிசல் இருந்தா கணக்கில் வராத காற்று உள்ள போகும். பெட்ரோல் பம்ப் பலவீனமா இருந்தா, ஃபில்டர் அடைச்சிருந்தா, இன்ஜெக்டர்ல அழுக்கு இருந்தா பெட்ரோல் கம்மியா வரும். சென்சாருக்கு முன்னாடி சைலன்சர் பைப்ல கசிவு இருந்தா, வெளிக்காற்றைப் பார்த்து சென்சார் பொய்யா "லீன்"னு சொல்லும். இதுல எது இருந்தாலும், ரீமேப் பண்றது ஓட்டைக் குடத்துல தண்ணி ஊத்தற கதைதான். கொஞ்ச நாள் நல்லா இருக்கற மாதிரி தெரியும், அப்புறம் ஓட்டை பெருசாகும்.

வசூல் பண்ற வழி

இப்போ கடன் வசூலுக்கு வருவோம். ஒவ்வொரு படியிலயும் காகிதம் சேர்க்கறதுதான் வேலை.

1. ஒரு வாரம் குறிப்பு எடுங்க. எந்த நேரம், இஞ்சின் சூடா குளிரா, என்ன வேகம், எத்தனை தடவை ஆஃப் ஆச்சு. வண்டி நிக்கும்போது நடந்தா மொபைல்ல வீடியோ எடுங்க.

2. அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸுக்குப் போய், ஜாப் கார்டுல உங்க புகாரை உங்க வார்த்தையிலயே எழுத வையுங்க. "ஜெனரல் செக்கப்"னு எழுதினா கையெழுத்துப் போடாதீங்க. "சிக்னலில் இஞ்சின் நிற்கிறது, ஓவர்டேக் செய்யும்போது திணறுகிறது"ன்னு இருக்கணும்.

3. இந்த மூணையும் கேளுங்க: ஸ்கேனர்ல என்ன எரர் வந்தது? பெட்ரோல் பிரஷர் அளந்தீங்களா? என் வண்டியில இருக்கற இசியு சாஃப்ட்வேர் எது, அதை விடப் புதுசு கம்பெனி வெளியிட்டிருக்கா? புது மேப் இருந்தா சர்வீஸ் சென்டர்லயே கம்பெனி கருவியை மாட்டி ஏத்திடலாம். கம்பெனி கொடுக்கற மேப், வண்டி அனுமதி வாங்கின வரம்புக்குள்ள இருக்கும், வாரன்டியும் போகாது.

4. "இது நார்மல்தான் சார்"னு சொல்றாங்களா? நல்லது, அதையே எழுதிக் கொடுக்கச் சொல்லுங்க. தரமாட்டேன்னா, அன்னைக்கே கம்பெனியோட வாடிக்கையாளர் சேவைக்கு மெயில் போட்டு, நடந்ததைத் தேதியோட பதிவு பண்ணுங்க. வாயால சொன்ன "நார்மல்" காத்தோட போயிடும். எழுத்துல இருக்கற "நார்மல்" நாளைக்கு உங்க சாட்சி.

5. அப்பவும் நகரலைன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரைன்னா புகார் கட்டணம் கிடையாது. நீங்க குடியிருக்கற மாவட்டத்துலயே போடலாம், வக்கீல் கட்டாயம் இல்லை. பிரச்சினை எழுந்த நாள்ல இருந்து 2 வருஷத்துக்குள்ள போடணும், அதை மறந்துடாதீங்க.

டெலிவரி வேலை பார்க்கற தம்பிகளுக்குத் தனியா ஒரு வார்த்தை. "நான் வண்டியை வெச்சுச் சம்பாதிக்கிறேன், நான் நுகர்வோர் இல்லையே"ன்னு தயங்க வேண்டாம். சுயதொழிலா, பிழைப்புக்காக மட்டும் வாங்கின பொருள்னா நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 உங்களையும் நுகர்வோராத்தான் பார்க்குது. வண்டி ஒரு நாள் நின்னா உங்களுக்கு ஒரு நாள் கூலி போகுது. அதனால சர்வீஸ்ல வண்டி நின்ன ஒவ்வொரு நாளையும் குறிச்சு வையுங்க. இழப்பீடு கேட்கும்போது அந்தக் கணக்கு வேணும்.

"இதெல்லாம் நடக்கற கதையா சார், ரெண்டு மணி நேரத்துல ரீமேப் முடிஞ்சிடும்"னு நீங்க சொல்றது புரியுது. இந்த வழி மெதுவானதுதான். ஆனா ஒவ்வொருத்தரும் சத்தமில்லாம கைக்காசைப் போட்டுச் சரி பண்ணிட்டா, கம்பெனி கணக்குல அந்தக் கோளாறு பூஜ்யமாத்தான் இருக்கும். மோட்டார் வாகனச் சட்டம் 110ஏ பிரிவுல, குறைபாடுள்ள வண்டிகளைத் திரும்பப் பெறச் சொல்லி உத்தரவிட மத்திய அரசுக்கு அதிகாரம் இருக்கு. எத்தனை உரிமையாளர்கள் புகார் பண்ணாங்கங்கறது அதுக்கு ஒரு அடிப்படை. பதிவாகாத புகார் யார் கண்ணுலயும் படாது.

எப்போ ரீமேப் சரி?

வாரன்டி முடிஞ்சு, மேல சொன்ன பாகமெல்லாம் சரி பார்த்து, கம்பெனிகிட்டயும் புது மேப் இல்லைன்னு உறுதியானா, அப்போ யோசிக்கலாம். நாலு நிபந்தனை: பழைய மேப்போட காப்பி உங்க கைக்கு வரணும். டைனோ மெஷின்ல ஏத்தி, முன்னாடி பின்னாடி காற்று–பெட்ரோல் விகித கிராஃப் ரெண்டும் தரணும். ஆக்சிஜன் சென்சாரையும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரையும் தொடக் கூடாது. என்ன மாத்தினாங்கன்னு எழுதின ஜிஎஸ்டி பில் வேணும். "பில் இல்லாம பண்ணா 18 சதவீதம் மிச்சம்"னு சொல்ற கடையில, நாளைக்கு இஞ்சின் போனா உங்க கையில ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது.

இந்த வாரம் செய்ய வேண்டியது ரெண்டே வேலை: வாரன்டி முடியற தேதியைப் பாருங்க, பழைய ஜாப் கார்டுகளை ஒரு ஃபைல்ல போடுங்க. தேதி பக்கத்துல இருந்தா நாளைக்கே சர்வீஸுக்குப் புக் பண்ணுங்க, ஏன்னா வாரன்டி முடியறதுக்கு முந்தின நாள் பதிவான புகாருக்கும் மறுநாள் பதிவானதுக்கும் ஒரு நாள்தான் வித்தியாசம், ஆனா பில் வேற ஆள் பேருக்குப் போகும். உங்க ஜாப் கார்டுல என்ன எழுதினாங்கன்னு வண்டி நம்பரை மறைச்சிட்டு எனக்கு அனுப்புங்க, அடுத்த வீடியோவுல சேர்ந்து படிப்போம்.