நமக்குச் சாதகமாக ஊதிய விசில்



ஜூன் 11ஆம் திகதி உலகக் கிண்ண உதைபந்தாட்டம் தொடங்குகிறது. இம்முறை 48 அணிகள். அமெரிக்கா, கனடா, மெக்சிக்கோ ஆகிய மூன்று நாடுகளும் சேர்ந்து நடத்துகின்றன. போட்டி கடலுக்கு அப்பால் நடந்தாலும் வெம்பிளியில் இருக்கிற நாம் சும்மா இருப்போமா? மைதானத்தின் பெரிய வளைவைப் பார்த்தபடியே பள்ளிக்கூடம் போய் வளர்ந்த பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள். ஆராதனை முடிந்து தேநீர் மேசைக்கு வந்ததும் இப்போதே வாதம் ஆரம்பித்துவிட்டது.

சென்ற வாரம் அங்கே நடந்ததைச் சொல்கிறோம். இங்கே பிறந்த ஒரு தம்பி இங்கிலாந்தின் பக்கம். யாழ்ப்பாணத்தில் மரடோனாவின் படத்தைச் சுவரில் ஒட்டி வளர்ந்த ஒரு மாமா ஆர்ஜென்டீனாவின் பக்கம். பேச்சு 2021ஆம் ஆண்டுக்குப் போனது.

"அது கிளியர் பெனால்டி, மாமா. காலில தட்டினது."

"காத்துத்தான் தட்டினது, தம்பி!"

"அப்ப 86இல மரடோனா கையால அடிச்சதை என்னெண்டு சொல்லுறியள்?"

"அதை நடுவர் காணேல்லை. நடுவர் காணாட்டில் அது கோல்தான்."

அடுத்த நிமிடமே அதே மாமா, 2022 உலகக் கிண்ணத்தில் சவூதி அரேபியாவுக்கு எதிரான போட்டியில் ஆர்ஜென்டீனா முதற்பாதியில் அடித்த மூன்று கோல்களை ஓஃப்சைட் என்று அழித்த கதையை எடுத்தார். அன்று சவூதி 2-1 என்று வென்றது உலகத்துக்கே ஆச்சரியம். மாமாவுக்கோ அது அநியாயம். தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு அம்மா சிரித்தபடி சொன்னார்: "ரெண்டு பேரிட்டையும் ரெண்டு ரெண்டு தராசு கிடக்கு."

அந்தச் சொல் எங்களை விடவில்லை. இரண்டு விதமான நிறைகல்லையும் இரண்டு விதமான அளவையையும் வைத்திருப்பது கர்த்தருக்கு எவ்வளவு வெறுப்பானது என்று நீதிமொழிகள் 20ஆம் அதிகாரம் 10ஆம் வசனம் சொல்கிறது. வாங்கும்போது ஒரு கல், விற்கும்போது இன்னொரு கல். விளையாட்டு பார்க்கும்போது நாம் எல்லோரும் அந்தக் கடைக்காரர்தான்.

அந்தத் தம்பி பேசிய பெனால்டியையே எடுத்துக்கொள்வோம். 2021 யூலை 7ஆம் திகதி, நம் வெம்பிளி மைதானத்தில், ஐரோப்பியக் கிண்ண அரையிறுதி. இங்கிலாந்தும் டென்மார்க்கும் 1-1 என்று சமநிலையில் நிற்க, மேலதிக நேரத்தில் ரஹீம் ஸ்டெர்லிங் விழுந்தார். நெதர்லாந்து நாட்டு நடுவர் டானி மக்கலி பெனால்டி கொடுத்தார். காணொளி நடுவர்கள் பார்த்தும் அதை மாற்றவில்லை. அவர்களுடைய வேலை எது சரி என்று புதிதாகத் தீர்ப்பதல்ல; மைதான நடுவரின் முடிவில் தெளிவான, வெளிப்படையான பிழை இருந்தால் மட்டுமே தலையிடுவது. அதனால் இரண்டு பக்கமும் பேசக்கூடிய ஒரு முடிவு அப்படியே நின்றுவிடும். ஹரி கேன் அடித்ததைக் காஸ்பர் ஷ்மைக்கல் தடுத்தார். திரும்பி வந்த பந்தைக் கேன் கோலாக்கினார். அந்த நேரம் கூட்டத்திலிருந்து யாரோ ஷ்மைக்கலின் முகத்தில் லேசர் ஒளி அடித்ததும் தெரியவந்தது. இங்கிலாந்துச் சங்கத்துக்கு அபராதம் விதிக்கப்பட்டது. ஆனால் அன்றிரவு நம் தெருக்களில் லேசரைப் பற்றி யார் பேசினார்கள்? நாமும்தான் பேசவில்லை.

நான்கு நாள் கழித்து இறுதிப் போட்டி. ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் இத்தாலியின் கியெல்லினி, ஓடிக்கொண்டிருந்த புகாயோ சாகாவைச் சட்டைக் கழுத்தில் பிடித்து இழுத்து விழுத்தினார். மஞ்சள் அட்டை மட்டும் காட்டப்பட்டது. அன்று நாம் எல்லோரும் சட்ட வல்லுநர்களாகிவிட்டோம். புதன்கிழமை மௌனமாக இருந்த வாய்கள் ஞாயிற்றுக்கிழமை நியாயம் கேட்டன.

இது நம் காலத்து வழக்கம் மட்டுமல்ல. 1966 யூலை 30ஆம் திகதி, பழைய வெம்பிளி மைதானத்தில் உலகக் கிண்ண இறுதிப் போட்டி. மேற்கு ஜேர்மனியுடன் 2-2. மேலதிக நேரத்தில் ஜெஃப் ஹர்ஸ்ட் அடித்த பந்து மேல் கம்பத்தில் பட்டு, கீழே கோட்டருகே விழுந்து வெளியே வந்தது. சுவிஸ் நடுவர் டீன்ஸ்ட், அசர்பைஜானைச் சேர்ந்த கோட்டு நடுவர் டோஃபிக் பஹ்ராமோவிடம் போய்க் கேட்டார். அவர் கோல் என்றார். இங்கிலாந்து 4-2 என்று வென்றது. பந்து கோட்டை முழுவதும் தாண்டவில்லை என்றே பிற்கால ஆய்வு சொன்னது. இங்கிலாந்தில் அது இன்றும் இனிய நினைவு. 2010இல் தென்னாபிரிக்காவில் அதே ஜேர்மனிக்கு எதிராக ஃபிராங்க் லம்பார்ட் அடித்த பந்து மேல் கம்பத்தில் பட்டுக் கோட்டுக்கு உள்ளே தெளிவாகவே விழுந்தது. நடுவர் கோல் கொடுக்கவில்லை. இந்த நாடே கொதித்தது. 2014 உலகக் கிண்ணத்திலிருந்து பந்து கோட்டைத் தாண்டியதா என்று சொல்லும் கருவி வந்துவிட்டது. கோட்டை அளக்கக் கருவி வந்தது; நம் மனதை அளக்க எந்தக் கருவியும் வரவில்லை.

"விளையாட்டுத்தானே, இதில் என்ன பாவம்?" என்று கேட்பீர்கள். வாதம் பாவமல்ல. எங்களுக்கும் வாதம் பிடிக்கும். ஆனால் இரண்டு தராசின் பாரம் எப்போதும் ஒரு மனிதன் மேல் போய் விழுகிறது.

அதே 2021 போட்டித் தொடரில், யூன் 12ஆம் திகதி, கோப்பன்ஹேகனில் டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் யாரும் தொடாமலேயே சரிந்து விழுந்தார். இதயம் நின்றுவிட்டது. ஆங்கிலேய நடுவர் அந்தோனி டெய்லர் உடனே ஆட்டத்தை நிறுத்தி மருத்துவக் குழுவை உள்ளே அழைத்தார். தாதியர் வேலையில் இருக்கிற எங்களுக்கு அந்தச் சில நொடிகளின் விலை தெரியும். நெஞ்சழுத்தமும் மின் அதிர்ச்சியும் தாமதிக்கிற ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பைக் குறைக்கும். எரிக்சன் பிழைத்தார். 2022 பெப்ரவரியில் நம் லண்டனிலேயே பிரென்ட்ஃபோர்ட் அணிக்காக மறுபடியும் களமிறங்கினார். அந்தத் தொடரில் பிரான்ஸை சுவிஸ் தோற்கடித்ததை ஆச்சரியம் என்கிறோம். எங்களுக்கு அதிலும் பெரிய ஆச்சரியம் இதுதான்.

அதே டெய்லர், 2023 மே 31ஆம் திகதி புடாபெஸ்டில் செவியா, ரோமா அணிகளின் யூரோப்பா லீக் இறுதிப் போட்டிக்கு நடுவராக இருந்தார். ரோமா தோற்றது. மறுநாள் விமான நிலையத்தில், குடும்பத்தோடு நின்ற அவரை ரசிகர்கள் சூழ்ந்து திட்டினார்கள், பொருள்களை எறிந்தார்கள். ஓர் உயிரைக் காக்க விசில் ஊதிய அதே மனிதர்.

சாகாவுக்கு அப்போது 19 வயது. அந்த இறுதிப் போட்டியின் கடைசிப் பெனால்டியைத் தவறவிட்டவர் அவர். ராஷ்ஃபோர்டும் சாஞ்சோவும் தவறவிட்டிருந்தார்கள். மூவர் மீதும் நிறத்தைச் சொல்லி இழிசொற்கள் கொட்டப்பட்டன. கோல் அடித்தால் "நம்ம பிள்ளை", தவறவிட்டால் "வேறு ஆள்". இந்த இரண்டு நிறைகற்களும் நம் குடும்பங்களுக்குப் புதியவை அல்ல. ஆனால் மான்செஸ்டரில் சேதப்படுத்தப்பட்ட ராஷ்ஃபோர்டின் சுவரோவியத்தை மக்கள் அன்பான குறிப்புகளால் மூடினார்கள். சிறுபிள்ளைகளும் எழுதி ஒட்டினார்கள். அதுவும் இதே நாடுதான்.

இரவுக் கடமையில் ஒரு நோயாளியின் நிலை திடீரென்று மாறினால் நாங்கள் உடனே ஒரு முடிவு எடுக்க வேண்டும். பிறகு அதை மேசையைச் சுற்றி இருந்து ஆறுதலாக ஆராய்வார்கள். ஆராயத்தான் வேண்டும், அடுத்த நோயாளிக்கு அது உதவும். ஆனால் "அந்த நேரம் உங்களுக்கு என்ன தெரிந்தது?" என்று கேட்டால் பாடம் கிடைக்கும். "நீ யாருடைய ஆள்?" என்று கேட்டால் பயம்தான் மிஞ்சும்.

தேநீர் மேசையில் அன்று இன்னொரு தம்பியும் இருந்தான். வயது 16. நடுவர் பயிற்சி முடித்து, சனிக்கிழமைகளில் சின்னப் பிள்ளைகளின் ஆட்டங்களுக்கு விசில் ஊதுகிறான். எல்லோரும் வாதாட அவன் பேசாமல் இருந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "அக்கா, இந்த சீசனோட விடப் போறன்." முந்தைய நாள், பந்து ஒரு பிள்ளையின் கையில் பட்டதை அவன் காணவில்லை. ஒரு தகப்பன் கோட்டோரத்திலிருந்து ஆட்டம் முடியும்வரை அவனைத் திட்டியிருக்கிறார். அந்தத் தகப்பன் கெட்டவர் என்று சொல்ல எங்களால் முடியவில்லை. எங்கள் பிள்ளைகளின் ஆட்டத்தில் எங்களில் சிலரும் அதே கோட்டோரத்தில் நின்று கத்தியிருக்கிறோம். இந்த நாட்டில் 2023இல் உள்ளூர் ஆட்ட நடுவர்களுக்கு உடலில் அணியும் கமரா கொடுத்துப் பரீட்சித்துப் பார்த்தார்கள் என்றால், நிலைமை எவ்வளவு தூரம் போய்விட்டது என்று யோசியுங்கள்.

ஆர்ஜென்டீனா மாமா தன் கோப்பையை வைத்துவிட்டுச் சொன்னார்: "வாற சனிக்கிழமை நான் வாறன், தம்பி. உன்ர பக்கம் ஒருத்தன் நிக்க வேணும்."

ஆகவே வாலிபரே, இந்த உலகக் கிண்ணத்துக்கு ஒரு சிறு பயிற்சி. நடுவரின் முடிவைப் பற்றி வாய் திறக்குமுன் சட்டைகளை மாற்றிப் பாருங்கள். இதே முடிவு எதிரணிக்குக் கிடைத்திருந்தால் என்ன சொல்லியிருப்போம்? அதே பதில் வந்தால் தாராளமாக வாதாடுங்கள். வேறு பதில் வந்தால் சிரித்துவிட்டுத் தேநீர் குடியுங்கள். தோற்ற வீரனைப் பற்றிக் கைப்பேசியில் வருகிற கேலிப் படத்தை நம் குழுவுக்குள் அனுப்பாதீர்கள். பெற்றோரே, கோட்டோரத்தில் நிற்கும்போது விசில் பிடித்திருக்கிற கை யாரோ ஒரு தாயின் பிள்ளையின் கை என்று நினையுங்கள்.

இந்தப் பழக்கம் வீட்டுக்கும் வரும். நம் பிள்ளை செய்த பிழைக்கு ஒரு கல், அடுத்த வீட்டுப் பிள்ளை செய்ததற்கு ஒரு கல் என்று வைத்திருக்கிறோமா? அதையும் இந்த மாதம் கர்த்தருடைய சமுகத்தில் எடுத்துப் பார்ப்போம்.

ஜெபம்: ஆண்டவரே, எங்களுக்குச் சாதகமான பிழையையும் பிழை என்று சொல்லத் துணிவு தாரும். பிழை செய்தவரையும் மனிதராகப் பார்க்கும் கண்களைத் தாரும். ஆமென்.

அடுத்த மாதம் சந்திப்போம்.