யாருடைய வாய்க்கால்?

"சர்க்கார் சொத்துதானே, போனால் போகட்டும்!" என்னும் வார்த்தை நம் ஜனங்களிடையே இன்னும் வழங்கி வருகிறது. சர்க்கார் வேறு, நாம் வேறு என்றிருந்த அந்நிய ஆட்சி நாளில் அதற்கு ஓர் அர்த்தமாவது இருந்தது. 1947-க்குப் பிறகும் அதை நாவிலிருந்து விலக்காமல் வைத்திருக்கிறோமே, அதுதான் விந்தை.

பழைய தஞ்சை ஜில்லாவில் இருந்து இன்று திருவாரூர் மாவட்டத்தில் சேர்ந்துவிட்ட முத்துப்பேட்டையைப் பாருங்கள். வயல்களுக்குப் பாய்ந்து மிஞ்சிய காவிரி ஜலத்தைப் பாமணியாறும் கோரையாறும் அங்கே காயலில் கொண்டு சேர்க்கின்றன. காயலும் சேற்று நிலமும் உட்படச் சுமார் 12,000 ஹெக்டேர் பரப்புள்ளது அங்குள்ள அலையாத்திக் காடு. வெண்கண்டல் மரங்களே அதில் அதிகம். வெள்ளையர் ஆட்சியிலும் அதன் பின்னர் சில காலமும் இக்காட்டைப் பகுதி பகுதியாக அடியோடு வெட்டி விற்றார்கள். நிழல் போன சேறு வெயிலில் காய்ந்து, நடுவில் தொட்டி போலத் தாழ்ந்தது. உள்ளே வந்த கடல்நீர் வெளியேற வழியின்றி வற்றி, உப்பை மட்டும் விட்டுச் சென்றது. அந்த உப்பில் விதை முளைக்குமா?

பிற்பாடு வனத் துறையும், சென்னையிலுள்ள எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும், சுற்றுக் கிராமத்தாரும் கூடி, மீன்முள் வடிவத்தில் வாய்க்கால்கள் வெட்டினார்கள். நடுவே ஒரு பெரிய வாய்க்கால். இருபுறமும் சாய்வாகக் கிளைகள். அவற்றின் வழியே கடலேற்றத்தில் நீர் புகுந்து, வற்றத்தில் வெளியேறிற்று. உப்பு தணிந்தது, கரைகளில் நட்ட கன்றுகள் காடாயின. 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் அக்காட்டை வெகுவாகச் சிதைத்தது.

புயலை நாம் தடுக்க முடியாதென்பது உண்மை. ஆனால் வாய்க்காலில் வண்டல் சேர்வது புயலின் வேலையன்று. சில வருஷங்களுக்கொருமுறை தூர் வாராவிட்டால் அது மேடிட்டுப் போகும். பழைய உப்புத் தொட்டி திரும்பிவிடும். பஸ் கண்ணாடியை உடைப்பவனைத் தண்டிக்க 1984-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. வாய்க்கால் தூர்ந்து போனால் யாரைப் பிடிப்பது? காட்டையும் நதியையும் பேணுவதும், பொதுச் சொத்தைக் காப்பதும் பிரஜைகளின் கடமை என்று 1976-இல் அரசியல் சட்டத்திலேயே எழுதியிருக்கிறோம். எழுதியதோடு மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டோம் போலும்!

காவிரிக்கரைக்குக் குடிமராமத்து புதிதன்று. அவரவர் பாசன வாய்க்காலை அவரவரே கூடி வெட்டினார்கள். (அந்த நாளிலும் எல்லோரும் உத்தமர்களல்லர், வராதவர்களிடம் பணம் வசூலிக்க 1858-ஆம் ஆண்டின் முதற் சட்டம் தேவைப்பட்டது.) வயலுக்கு இருந்த ஏற்பாடு காயலுக்கு ஏன் கூடாது? புதிதாகக் கன்று நடுவதற்குப் பணம் ஒதுக்குகையில், பழைய வாய்க்காலைத் தூர் வாருவதற்கும் ஒரு பங்கை ஒதுக்கி, அவ்வேலையைக் காயலை நம்பிப் பிழைக்கும் மீனவக் கிராமங்களிடமே கூலி கொடுத்து ஒப்படைக்கலாம். காடு பார்க்கப் படகேறிச் செல்லும் நம் போன்ற குடும்பத்தார் மண்வெட்டி பிடிக்க வேண்டாம். தின்பண்டம் சுற்றிய பிளாஸ்டிக் காகிதத்தை அந்த வாய்க்காலில் போடாமல் மடியில் கட்டிக் கொண்டு திரும்பினால் போதும்.