வீட்டு வழக்குக்கு எந்த வாசல்?

பாயான் லெப்பாஸ் பக்கம் அடுக்குமாடி வீடு வாங்கிய நண்பருக்குச் சாவி இன்னும் கைக்கு வரவில்லை. "கோர்ட்டுக்குப் போனா தலை நரைச்சிடும். மேம்பாட்டாளரோட உள்ள தகராறையெல்லாம் ஆர்பிட்ரேஷனுக்கு விட்டா என்ன?" என்கிறார்.

இரண்டு கம்பெனிகள் மோதிக்கொண்டால் அது நல்ல வழிதான். கோலாலம்பூரில் அதற்கென்றே ஆசிய அனைத்துலக நடுவர் மையம் இருக்கிறது. ஆனால், அங்கே நடுவருக்கான கட்டணத்தைக் கட்சிக்காரர்களே கொடுக்க வேண்டும். விசாரணையும் மூடிய அறைக்குள் நடக்கும். அதே மேம்பாட்டாளரிடம் அடுத்து வீடு வாங்கப்போகிறவருக்கு ஒன்றும் தெரியவராது. வங்கிக் கடனுக்கு மாதாமாதம் பணம் கட்டும் சம்பளக்காரருக்கு இது தாங்குமா?

இந்தியாவில் இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம்வரை போனது. ஒப்பந்தத்திலேயே நடுவர் விதி இருக்கிறது, நுகர்வோர் மன்றத்துக்குப் போகக்கூடாது என்று எம்மார் எம்ஜிஎஃப் நிறுவனம் வாதாடியது. 2018 டிசம்பரில் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வீடு வாங்கியவர் நுகர்வோர் மன்றத்தின் கதவைத் தட்டலாம் என்றது.

நம் நாட்டில் நிலைமை இன்னும் தெளிவு. 1966ஆம் ஆண்டு வீடமைப்புச் சட்டத்தின்கீழ் விற்பனை ஒப்பந்தத்தின் வாசகத்தை அரசாங்கமே வகுத்திருக்கிறது; மேம்பாட்டாளர் தன் இஷ்டத்துக்கு விதி சேர்க்க முடியாது. அடுக்குமாடி என்றால் 36 மாதத்தில் சாவி தரவேண்டும். தவறினால் விலையில் ஆண்டுக்கு 10 விழுக்காடு இழப்பீடு. அந்தக் கெடுவை நீட்டிக்க வீடமைப்புக் கட்டுப்பாட்டாளருக்கு அதிகாரமில்லை என்று 2019இல் ஆங் மிங் லீ வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் சொன்னது.

இழப்பீட்டைக் கேட்டு வாங்க 2002 டிசம்பரிலிருந்து வீடு வாங்குவோர் தீர்ப்பாயம் இருக்கிறது. மனுவுக்கு 10 ரிங்கிட். சிக்கலான சட்டப் பிரச்சினை இருந்தாலொழிய வக்கீலுக்கு இடமில்லை. தீர்ப்பை மேம்பாட்டாளர் மதிக்காவிட்டால் அது குற்றம்.

குறை ஒன்றே. 2015 முதல் அதன் உச்சவரம்பு 50,000 ரிங்கிட். 6 லட்சம் ரிங்கிட் வீட்டுக்குப் பத்து மாதத் தாமதத்திலேயே அந்த வரம்பு நிரம்பிவிடும். அதற்கு மேல் உள்ளதை விட்டுக்கொடுக்க வேண்டும். இல்லையென்றால் நீதிமன்றப் படியேற வேண்டும். ஆர்பிட்ரேஷன் பேச்சுக்கு இடம் கொடுப்பது இந்த ஓட்டைதான். ஆனால், ஓட்டையை அடைக்கப் புது வாசல் தேவையில்லை. உச்சவரம்பை வீட்டு விலையோடு இணைத்து உயர்த்தினால் போதும். தகராறு வந்த பிறகு இரு தரப்பும் மனமொத்து நடுவரைத் தேடினால் அது அவர்கள் பாடு. கையெழுத்துப் போடும் நாளிலேயே வாங்குபவரைக் கட்டிப்போடுவதுதான் கூடாது.

சாவி கிடைத்ததும் சும்மா இருக்க வேண்டாம் என்று நண்பரிடம் சொல்லியிருக்கிறேன். 24 மாதக் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடிந்தபின் 12 மாதம் தாண்டினால், அந்தப் பத்து ரிங்கிட் மனுவும் செல்லாது.