கையெழுத்துக்கு முன்னால் ஒரு மீட்டர்



ஆண்டு மலர் என்றாலே நட்பு, காதல், அம்மா, வரதட்சணை என்று நம்ம ஆட்கள் பேனாவைத் தூக்கி விடுவார்கள். நானோ ஒரு மீட்டரைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். சிரிக்காதீர்கள்! நாளைக்கு டிப்ளமோவும், அதன் பிறகு சூப்பர்வைசர் சான்றிதழும் கைக்கு வந்தால், 'இந்தக் கட்டடத்தின் வயரிங் சரியாக உள்ளது' என்று டெஸ்ட் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடப் போகிறவர்கள் நாம்தான். அந்தக் கையெழுத்துக்கு மேலே எழுதும் எண்கள் எங்கிருந்து வருகின்றன? இதுதான் என் கேள்வி.

போன கோடை விடுமுறையில் ஒரு வயரிங் காண்ட்ராக்டரிடம் ஹெல்பராகப் போனேன். மூன்று மாடி வீடு, வேலை முடிந்தது. ரிப்போர்ட் எழுதும் நேரம். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பாரத்தை நிரப்பிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, மெக்கர் கொண்டு வரலையே?" என்று கேட்டேன்.

"வயரு புதுசுதானே தம்பி! இன்பினிட்டினு போட வேண்டியதுதான்" என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. மதியச் சாப்பாடு வாங்கிக் கொடுத்து, சம்பளமும் ஒழுங்காகக் கொடுத்த மனிதர். ஆனால் அந்த வீட்டில் குடிவந்தவர்கள் அந்த 'இன்பினிட்டி'யை நம்பித்தான் ஈரக்கையோடு கிரைண்டரைத் தொடுகிறார்கள்.

எங்கள் அப்பா கட்டட வேலை செய்கிறவர். கூலி ரிஜிஸ்டரில் இன்று வரை கைநாட்டுதான். எங்கள் வீட்டில் கையெழுத்துப் போட்டுச் சம்பாதிக்கப் போகும் முதல் ஆள் நான். நம்மில் பல பேர் வீட்டிலும் இதே கதைதான். அப்படிக் கிடைக்கும் கையெழுத்தைப் பொய் எண்ணுக்குக் கீழே போடலாமா?

சரி, விஷயத்துக்கு வருவோம். நம்ம ஊரில் இன்சுலேஷன் டெஸ்டர் எதுவாக இருந்தாலும் 'மெக்கர்' என்றுதான் சொல்கிறோம். அது இங்கிலாந்தில் எவர்ஷெட் கம்பெனி 1903-ல் பதிவு செய்த வியாபாரப் பெயர். கையால் சுற்றும் அந்தப் பெட்டி நல்ல கருவிதான். 500 வோல்ட் டி.சி. கொடுத்து வயரின் இன்சுலேஷன் 1 மெகா ஓமுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று சொல்லிவிடும். ஆனால் வயர் நன்றாக இருந்தால் மட்டும் ஆள் பிழைத்துவிடுவாரா?

ஒரு கணக்குப் போடுவோம். நம் பக்கத்து வீடுகளில் பெரும்பாலும் சொந்த எர்த் குழிதான். அதன் ரெசிஸ்டன்ஸ் 5 ஓம் என்று வைத்துக்கொள்வோம். கேட்க நல்ல எண்ணாகத்தான் இருக்கிறது. கிரைண்டர் பாடியில் பேஸ் பட்டுவிட்டால் அதிகபட்சம் ஓடும் கரண்ட் 230-ஐ 5-ஆல் வகுத்தால் வரும் 46 ஆம்பியர். அந்த லைனில் இருப்பது 32 ஆம்பியர் எம்.சி.பி. அது ஒரு மணி நேரத்துக்குள் கட்டாயம் விழ வேண்டும் என்றால் அதற்கே 1.45 மடங்கு, அதாவது 46.4 ஆம்பியர் ஓட வேண்டும்! ஆக, பாடியில் கரண்ட் நின்றுகொண்டே இருக்கும், எம்.சி.பி. சும்மா இருக்கும். இங்கே உயிரைக் காப்பாற்றுவது 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. மட்டுமே. அது வேலை செய்கிறதா, எர்த் பாதை முழுதாக இருக்கிறதா என்று மெக்கர் சொல்லாது. ஆர்.சி.சி.பி.யில் உள்ள 'டி' பட்டனும் உள்ளே இருக்கும் அமைப்பு துண்டிக்கிறதா என்பதை மட்டும்தான் காட்டும். எர்த் வயர் அறுந்து கிடந்தாலும் பட்டனை அழுத்தினால் விழும்.

இதற்காகத்தான் மல்டி ஃபங்ஷன் டெஸ்டர். இன்சுலேஷன், எர்த் கன்டினியூட்டி, லூப் இம்பீடன்ஸ், ஆர்.சி.டி. டெஸ்ட், பேஸ் சீக்குவன்ஸ் எல்லாம் ஒரே பெட்டியில். நான்கு கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு மாடி ஏற வேண்டியதில்லை என்பது சின்ன லாபம். லூப்பையும் ஆர்.சி.டி.யையும் நாம் 'மறந்துவிட' முடியாது என்பதுதான் பெரிய லாபம்.

எதை வாங்குவது? கடையில் போய் நின்றால் 'இதில் 14 ஃபங்ஷன், கலர் டிஸ்பிளே, ஃபோனோடு சேரும்' என்பார்கள். மயங்காதீர்கள். நான் பார்க்கச் சொல்வது இவற்றைத்தான்:

முதலில், ஐ.இ.சி. 61557 என்ற தரத்துக்கு உட்பட்டதா என்று பாருங்கள். அந்தத் தரப்படி கன்டினியூட்டி டெஸ்டில் குறைந்தது 200 மில்லி ஆம்பியர் ஓட வேண்டும். சாதாரண மல்டிமீட்டர் சில பத்து ஓம் இருந்தாலும் 'பீப்' என்று கத்திவிடும். அந்தச் சத்தத்தை நம்பி எர்த் சரி என்று எழுத முடியுமா?

இரண்டாவது, இன்சுலேஷன் டெஸ்டில் 500 வோல்ட் என்பது லோடு இருக்கும்போதும் நிற்க வேண்டும். 1 மில்லி ஆம்பியர் எடுக்கும்போதே வோல்டேஜ் படுத்துக்கொள்ளும் மலிவுப் பெட்டி, பழுதான வயரையும் நல்ல வயர் என்று சொல்லிவிடலாம்.

மூன்றாவது, ஆர்.சி.டி. டெஸ்டில் மூன்று வேலையும் செய்ய வேண்டும். 15 மில்லி ஆம்பியரில் விழக்கூடாது. 30-ல் 300 மில்லி செகண்டுக்குள் விழ வேண்டும். 150-ல் 40 மில்லி செகண்டுக்குள் விழ வேண்டும்.

நான்காவது, ஆர்.சி.சி.பி. விழாமல் லூப் அளக்கும் வசதி. வாங்கும் முன் ஒரே பிளக்கில் ஐந்து முறை அளந்து பாருங்கள். ஒவ்வொரு முறையும் எண் தாவிக்கொண்டே இருந்தால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

ஐந்தாவது, நம் பாதுகாப்பு. கருவியிலும் லீடிலும் 'கேட் 3' அல்லது 'கேட் 4', எத்தனை வோல்ட் என்று போட்டிருக்க வேண்டும். மெயின் போர்டு பக்கம் போகிறவருக்குக் கேட் 4 நல்லது. பெட்டி மேலே அச்சடித்திருப்பது மட்டும் சாட்சி ஆகாது. யார் சோதித்தது என்று ஆவணம் கேளுங்கள்.

மெக்கர், ஃப்ளூக், ஸ்லோவேனியாவின் மெட்ரல், ஜப்பானின் கியோரிட்சு என்று பேர் பெற்ற கம்பெனிகள் இருக்கின்றன. ஃப்ளூக் 1664-ல், லைனில் ஏதாவது சாமான் மாட்டியிருந்தால் இன்சுலேஷன் டெஸ்டைத் தடுத்து எச்சரிக்கும் வசதி உண்டு. வாடிக்கையாளர் வீட்டு டி.வி.யை எரிக்காமல் காப்பாற்றும் நல்ல விஷயம் அது. ஆனாலும் என் கட்சி இதுதான்: பேரை விட முக்கியம் காலிபரேஷன். வருஷத்துக்கு ஒருமுறை என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற லேபில் கொடுத்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். ரிப்பேருக்கு நம் மாநிலத்தில் ஆள் இருக்கிறதா என்று கடையிலேயே கேட்டுவிட வேண்டும். துபாயிலிருந்து மாமா கொண்டு வந்த செகண்ட்ஹேண்ட் கருவி என்றால், அதன் பட்டைப் பின் பிளக் நம் சாக்கெட்டில் ஏறாது. மூன்று வயர் லீடும் சேர்ந்து இருக்கிறதா பாருங்கள்.

நடுவில் கருவி பொய் சொல்கிறதா என்று நாமே பார்க்கலாம். 1 மெகா ஓம் ரெசிஸ்டர் நான்கை சீரிஸில் சேர்த்து ஒரு டப்பாவில் வையுங்கள். மாதம் ஒருமுறை 500 வோல்ட்டில் அளந்து நோட்டில் குறியுங்கள். 4 மெகா ஓம் பக்கத்திலேயே நிற்க வேண்டும். லீடுகளைச் சேர்த்து நல் செய்தால் பூஜ்ஜியம் காட்ட வேண்டும். செலவு ஒரு டீ காசுகூட ஆகாது.

'விலை என்ன தெரியுமா?' என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. தெரியும். நல்ல கருவி லட்ச ரூபாய் கணக்கில் நிற்கிறது. நம் முதல் வருஷச் சம்பளத்தில் பெரும் பங்கு! தனித்தனியாக வாங்கினால் மலிவு, ஒன்று கெட்டால் மற்றது ஓடும் என்று வாதிடுகிறவர்களும் உண்டு. அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஒரே பெட்டி காலிபரேஷனுக்குப் போனால் எல்லா வேலையும் நின்றுவிடும். ஆனால் தனித்தனியாக வாங்குகிறவர் மெக்கரோடும் டாங் டெஸ்டரோடும் நிறுத்திக்கொள்கிறாரே! உயிரைக் காக்கும் ஆர்.சி.டி. டெஸ்டர் எத்தனை பேர் பையில் இருக்கிறது?

வழி இருக்கிறது. ஒரே ஊரில் தொழில் செய்யப் போகும் நான்கு பேர் கூட்டாக ஒன்று வாங்கலாம். நம் மாணவர் மன்றத்துக்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டு விழாவில் ஆர்கெஸ்ட்ராவுக்கும் சீரியல் செட்டுக்கும் எவ்வளவு செலவாகிறது? ஒரு வருஷம் அதைக் குறைத்து, துறையின் உதவியோடும் பழைய மாணவர்களின் உதவியோடும் லேபுக்கு ஒரு மல்டி ஃபங்ஷன் டெஸ்டர் வாங்குவோம். முதல் சோதனையை நம் ஹாஸ்டல் பாத்ரூம் ஹீட்டர் லைனில் வைப்போம். வரும் எண் எதுவானாலும் நோட்டீஸ் போர்டில் ஒட்டுவோம்.

நண்பா! நாளை ஒரு வீட்டு அம்மா உன்னிடம், "தம்பி, இனிமே ஷாக் அடிக்காதுல்ல?" என்று கேட்பார்கள். "அளந்து பார்த்துட்டேன்மா" என்று சொல்லும் நிலையில் நீ இருக்க வேண்டும்.

அளப்போம்! அதன் பிறகு கையெழுத்துப் போடுவோம்!

— மூன்றாம் ஆண்டு, மின்னியல் துறை