அழைப்பிதழும் வடிகாலும்

வள்ளுவப் பெருந்தகை விருந்தோம்பலை இல்லறவியலில் வைத்தார். வாழ்க்கைத் துணைநலமும் மக்கட்பேறும் அன்புடைமையும் கூறிய பின்னரே விருந்தினரை வாயிலுக்கு அழைத்தார். மனையில் உள்ளாரைப் பேணிய பிறகே விருந்து என்பது அவ்வைப்புமுறை உணர்த்தும் நெறி எனக் கொள்ளலாம். நம் நாட்டுச் சுற்றுலாத் துறையினரோ இம்முறையைத் தலைகீழாக்கி விட்டனர்.

2002ஆம் ஆண்டில் நடுவண் அரசு ‘இன்கிரெடிபிள் இந்தியா’ என்னும் விளம்பர இயக்கத்தைத் தொடங்கிற்று. அதன் படங்கள் அழகியவை, மறுப்பாரில்லை. மாநிலங்களும் போட்டியிட்டுக்கொண்டு அழைப்பு விடுக்கலாயின. உத்தரகண்ட் தன்னைத் தேவபூமி என்று அறிவித்து அழைக்கிறது. திருமங்கையாழ்வார் பாடிய வதரியும் திருப்பிரிதியும் இமயத்துத் தலங்கள் அல்லவா? ஊரிலிருந்து வரும் பெற்றோரை ஒருமுறையேனும் வதரிக்கு அழைத்துச் செல்வதை வடபுலத்தில் வாழும் நம்மவர் கடமையாகவே கொண்டுள்ளனர். ஆகவே இது அயலார் வழக்கு என்று நாம் ஒதுங்கி நிற்பதற்கில்லை.

வதரிக்கு வாயிலாக நிற்பது ஜோஷிமட். திருப்பிரிதி இதுவே எனக் கொள்வாரும் உளர். இவ்வூரைப் பற்றி 1976ஆம் ஆண்டிலேயே மிஸ்ரா குழு எச்சரித்தது. பழைய நிலச்சரிவில் குவிந்த மண்ணின்மீதும் கல்லின்மீதும் ஊர் அமர்ந்திருக்கிறது, பெருங்கட்டடங்கள் எழுப்பலாகாது, பாறைகளை வெடிவைத்துத் தகர்க்கலாகாது, நீர் நிலத்துள் ஊறாதவாறு முறையான வடிகால் வேண்டும், மரம் நட வேண்டும். இவ்வளவே அக்குழு கேட்டது. வானளாவிய திட்டம் எதையும் அது கேட்கவில்லை, வடிகால் கேட்டது!

வடிகால் வரவில்லை, விடுதிகள் வந்தன. 47 ஆண்டுகள் கழித்து, 2023 சனவரியில், 800க்கும் மேற்பட்ட கட்டடங்கள் விரிசல் கண்டன. ஒன்றையொன்று சாய்ந்து நின்ற இரண்டு விடுதிகளை இடிக்க நேர்ந்தது. கடுங்குளிரில் குடும்பங்கள் வீட்டை விட்டு வெளியேறின. அதே ஆண்டில் நான்கு தலங்களுக்கும் சென்றோர் தொகை 50 லட்சத்தைக் கடந்தது என்பது சாதனையாகப் பறைசாற்றப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில்தான் ஊரை மீட்கும் பணிக்கு ஏறக்குறைய 1,658 கோடி ரூபாய்த் திட்டத்திற்கு ஒப்புதல் கிடைத்தது. 2024இல் ஊரின் பெயர் ஜோதிர்மட் என மாற்றப்பட்டது. பெயர்ப்பலகை மாற்றுவதில் நம் ஆட்சியாளர்க்கு ஒருநாளும் தயக்கம் இருந்ததில்லை.

“சாலை போடவில்லையா?” என்பர். போட்டார்கள். 2016 டிசம்பரில் அடிக்கல் நாட்டி, ஏறக்குறைய 900 கிலோமீட்டர் நெடுஞ்சாலையை அகலப்படுத்தப் புகுந்தார்கள். அடிப்படை வசதியே செய்யவில்லை என்பது என் வாதமன்று. எந்த வசதி முதலில் செய்யப்படுகிறது என்பதே என் வினா. விருந்தினரைக் கொண்டுவந்து கொட்டும் வசதிக்குப் பணம் உண்டு. அவர் வந்து இறங்கிய பின் வேண்டப்படும் குடிநீர்க்கும் கழிப்பிடத்திற்கும் குப்பை அகற்றலுக்கும் காத்திருக்கச் சொல்கிறார்கள். சாலை விளம்பரப் படத்தில் அழகாக விழும், சாக்கடை விழாது. வழியில் ஒதுங்க இடமின்றி, நாள் முழுதும் நாவை நனைக்காமல் பயணம் செய்யும் நம் தாய்மாரைக் கேட்டால் இந்த வேற்றுமை விளங்கும்.

சிம்லாவின் கதையும் இதுவே. 2018 மே மாதத்தில், கோடைப் பருவத்தின் உச்சத்தில், அந்நகரக் குழாய்கள் வறண்டன. விளம்பரம் “வருக” என்று அழைக்க, ஊர்மக்களோ “இப்போது வாராதீர்” என்று சமூக ஊடகங்களில் கெஞ்சினர். கோடை விழாவையே தள்ளிவைக்க வேண்டியதாயிற்று. விடுதி அறைக்கு வாடகை கொடுத்தவன் ஏமாந்ததைவிட, நள்ளிரவில் குடத்துடன் லாரிக்குக் காத்து நின்ற குடிமகனுக்கு நேர்ந்ததே பெருங்கொடுமை.

சுற்றுலாவை நிறுத்துங்கள் என்று யாரும் கேட்கவில்லை. மலையூர் மக்களின் பிழைப்பு அதில் இருக்கிறது. ஆனால் ஓர் ஊரை விளம்பரம் செய்யும் அரசு, அதே பக்கத்தில் அவ்வூர்க்கு நாள்தோறும் கிடைக்கும் குடிநீர் எவ்வளவு, அங்கு எத்தனை பேர் தங்கலாம், கழிவுநீர் எங்கே போகிறது என்ற மூன்று விவரங்களையும் அச்சிடட்டும். இடம் போதாதெனின், பனிமலையின் படத்தைச் சற்றே சுருக்கிக்கொள்ளலாம்.