பெயர் பொறிக்காத அரசனும் பெயர் தெரியாத இசைஞர்களும்

2025 பிப்ரவரியில் நடைபெற்ற 67-ஆவது கிராமி விருது விழாவில், வீடியோ கேம் இசைக்கான விருதை வினிஃப்ரெட் பிலிப்ஸ் என்ற அமெரிக்க இசையமைப்பாளர் பெற்றார். 1981-இல் வெளிவந்த 'விசார்ட்ரி' என்னும் கணினி விளையாட்டின் மறுஆக்கத்துக்கு அவர் அமைத்த இசைக்குக் கிடைத்த பரிசு அது. ஆனால், அந்த விருதைக் காட்டிலும் பெரிதாக எனக்குத் தோன்றுவது, அவர் 2014-இலேயே செய்துவிட்ட ஒரு காரியம். விளையாட்டுக்கு இசையமைப்பது எப்படி என்று விரிவாக விளக்கும் கையேடு ஒன்றை எழுதி, எம்ஐடி பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் வழியே வெளியிட்டார். நாளை தமக்கே போட்டியாக வரக்கூடியவர்களுக்குத் தொழிலின் நுட்பங்களைத் திறந்து காட்டினார்.

இந்தத் தொழிலில் அத்தகைய பகிர்வு ஏன் முக்கியம்? திரைப்படத்தில் ஒரு காட்சி எத்தனை நொடி ஓடும் என்பது இசையமைப்பாளருக்கு முன்கூட்டியே தெரியும். விளையாட்டில் தெரியாது. ஆடுபவர் ஒரு கதவின் முன் மூன்று நொடி நிற்கலாம். முப்பது நிமிடமும் நிற்கலாம். அதுவரை இசை சலிப்பூட்டாமல் சுழல வேண்டும். எதிரி தோன்றிய கணத்தில் முறிவு தெரியாமல் மாற வேண்டும். 1985-இல் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' விளையாட்டுக்கு இசையமைத்த ஜப்பானியர் கோஜி கோண்டோ, மொத்தமே 40 கிலோபைட் கொண்ட நிரலுக்குள் இதைச் செய்தார். நேரம் முடியப்போகும்போது அந்த மெட்டு வேகமெடுக்கும். ஆடும் சிறுவனின் நாடித்துடிப்பும் உடன் எகிறும். அந்த மெட்டை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2023-இல் தேசிய ஒலிப்பதிவுப் பேரேட்டில் சேர்த்தது. வீடியோ கேம் இசை ஒன்று அதில் இடம்பெற்றது அதுவே முதல்முறை.

இந்த வித்தைக்குப் பரம்பரை ஆசிரியர்கள் கிடையாது. முன்னே சென்றவர் சொல்லிக்கொடுத்தால்தான் பின்னே வருபவருக்கு வழி. எனவேதான், 2002-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட விளையாட்டு ஒலிக் கலைஞர் கூட்டமைப்பு, சிறந்த இசைக்கு விருது தருவதோடு நில்லாமல், தொழில் சமூகத்துக்கு ஆற்றிய சேவைக்கென்றும் ஒரு விருது வைத்திருக்கிறது.

புதுக்கோட்டைக்காரர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. குடுமியான்மலையில், சிகாநாதசுவாமி கோயிலுக்குப் பின்புறப் பாறையில், பல்லவ கிரந்த எழுத்தில் 38 வரிகள் கொண்ட இசைக் கல்வெட்டு இருக்கிறது. ஏழு பகுதிகள், நான்கு நான்காகத் தொகுத்த சுரக்கோவைகள். கல்வெட்டென்றால் கொடையையும் வெற்றியையும் எதிர்பார்த்துச் செல்பவருக்கு அங்கே கிடைப்பது ஒரு பயிற்சிப் பாடம். முடிவுரையில், உருத்திராசாரியாரின் மாணவனாகிய ஓர் அரசன் மாணவர்களின் நன்மைக்காக இதைச் செய்தான் என்றிருக்கிறது. ஆசிரியரின் பெயர் உண்டு; அரசனின் பெயர் இல்லை. அவன் முதலாம் மகேந்திரவர்மன் என்பது நெடுங்காலக் கருத்து. மறுக்கும் அறிஞர்களும் உள்ளனர். யாராயினும், தன் பெயரை விட்டுவிட்டு ஆசானின் பெயரைப் பொறித்த அந்த முடிவு எனக்குச் சுரங்களைவிடவும் வியப்பளிக்கிறது. கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்கு உயர்த்திய மான்பூண்டியா பிள்ளையும் இந்த ஊர்க்காரர்தான். அவருடைய சீடர் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளையின் வழியே அந்தச் சிறு கருவி பெரும் சபைகளில் நிலைபெற்றது.

இன்றைய நிலைக்கு வருவோம். கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதையைச் சமையல்வழியே சொல்லும் 'வெண்பா' என்ற விளையாட்டு, 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுகப் படைப்பாகத் தேர்வாயிற்று. பல்வேறு காலத் தமிழ்த் திரையிசையின் சாயல்களை அதில் கேட்கலாம். அதைக் கொண்டாடிய நம்மில் எத்தனை பேருக்கு அதன் இசையமைப்பாளர் 'ஆல்ஃபா சம்திங்' என்ற பெயர் தெரியும்? புனேயில் உருவாகி 2020-இல் வெளிவந்த 'ராஜி' பழங்கால இந்தியாவில் நிகழும் கதை. அதற்கு இசையமைத்தவர் கிரேக்கரான லினோஸ் ட்செலோஸ். அவர் பணியில் குறையில்லை. ஆனால், அத்தகைய வேலையை இங்கே கற்று இங்கே செய்ய எத்தனை பேருக்கு வாய்ப்பிருக்கிறது என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

அங்கீகாரம் என்பது மேடையில் போர்த்தும் சால்வை மட்டுமன்று. 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், திரைப்படத்துக்கு இசையமைத்தவர் தம் உரிமைத்தொகையை ஒப்பந்தத்தில் எழுதிக்கொடுத்துவிட முடியாதபடி காப்பளித்தது. அந்தச் சட்டம் திரைப்படத்தையும் ஒலிப்பதிவையும் பேசுகிறது. வீடியோ கேமைப் பெயர் சுட்டிக் கூறவில்லை. விளையாட்டு நிறுவனத்தில் ஊதியத்துக்கு இசையமைக்கும் இளைஞர், அந்தக் காப்பு தமக்கும் உண்டு என்பதை வாதாடித்தான் நிறுவவேண்டும். தேசியத் திரைப்பட விருதுகளில் ஒலி வடிவமைப்புக்கு இடமிருக்கிறது; கலைமாமணியில் நாகசுரத்துக்கும் நாட்டுப்புறக் கலைக்கும் இடமிருக்கிறது. இவர்களுக்கென்று எங்கும் ஒரு பிரிவில்லை.

2025 ஆகஸ்டில் நிறைவேறிய இணையவழி விளையாட்டுச் சட்டம், பணம் வைத்து ஆடுவதைத் தடைசெய்து, மின்விளையாட்டுகளை அதனின்று பிரித்தது. நல்ல பிரிவினை. 'ஆன்லைன் கேம்' என்ற சொல்லைச் சூதாட்டத் தற்கொலைச் செய்திகளில் மட்டுமே படித்துவந்த பெற்றோர்களிடம், தம் மகள் அதற்கு இசையமைக்கப் போகிறாள் என்று சொல்ல இனியாவது முடியும். அனிமேஷன், கேமிங் துறைகளுக்கென 2022 நிதிநிலை அறிக்கையிலேயே ஒன்றிய அரசு பணிக்குழுவை அறிவித்தது. அதன் தொடர்ச்சியாக வரும் திட்டங்களில் படத்துக்கும் நிரலுக்கும் கிடைக்கும் கவனம் ஒலிக்கும் கிடைக்க வேண்டும். மாவட்ட அரசு இசைப் பள்ளிகளில் ஒலித்தொகுப்புக் கணினியோடு ஓர் அறை அமைக்கப் பெரும் செலவாகாது. மாநில அரசு இத்துறைக்கென விருது ஒன்றை நிறுவுமானால், எத்தனை விளையாட்டுகளுக்கு இசையமைத்தார் என்பதோடு எத்தனை பேருக்குக் கற்றுக்கொடுத்தார் என்பதையும் விண்ணப்பப் படிவத்தில் கேட்கட்டும்.